என்ன புத்தகம் எடுக்கட்டும்? எல்லை ஊர் வாயனசாலை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வாயனசாலைக்கு, அதாவது நூலகத்துக்கு, வருகிறவர்களில் நிறையப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் அலமாரி முன்னால் நின்றுகொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. என்ன படிக்கறதுன்னு எனக்கே தெரியலீங்க. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க.

ஒன்றை மட்டும் எடுத்து நீட்ட மாட்டோம், மூன்றை மேசையில் வைப்போம். அதற்கு முன் மூன்று விஷயம் கேட்போம். கடைசியாக எதை விடாமல் முடித்தீர்கள்? புத்தகம்தான் என்றில்லை, சினிமா, சீரியல் எதுவானாலும் சரி. எதைப் பாதியில் விட்டீர்கள்? எந்த நேரத்தில் படிப்பீர்கள்? இதில் பாதியில் விட்டதுதான் எங்களுக்கு அதிகம் உதவும். "பேரு நெறைய வந்துச்சு, கொழம்பிட்டேன்" என்றால் நான்கைந்து பேருக்குள் சுற்றும் கதையைத் தேடுவோம். "ஒண்ணுமே நடக்கல" என்றால் துப்பறியும் கதைப் பக்கம் போவோம். பொள்ளாச்சி பஸ்ஸில் போகும்போது மட்டும்தான் நேரம் என்றால் சிறுகதைத் தொகுப்பு. நாவலை எடுத்தால் இறங்கும் இடத்தில் மூடிவைத்து, மறுநாள் ஏறும்போது பாதி மறந்திருக்கும்.

மூன்றில் ஒன்று 120 பக்கத்துக்குள் இருக்கும், இன்னொன்று நீங்கள் சொன்னதை ஒட்டியது, மூன்றாவது நீங்கள் கேட்கவே கேட்காதது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பக்கத்தை நின்றபடியே படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தை எல்லாரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் 30 பக்கம் தாண்டியும் பிடிபடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதல் புத்தகத்துக்கு ஒரே வேலைதான், உங்களை இரண்டாவதுக்கு இங்கே வரவைப்பது.

2. ஒரு தடவைக்கு எத்தனை எடுக்கலாம்? எத்தனை நாளைக்கு?

அது நூலகத்துக்கு நூலகம் மாறும். உங்கள் அட்டையில் எழுதியிருப்பதுதான் கணக்கு. வேறு யாரும் கேட்டு வைக்காத புத்தகமாக இருந்தால் தேதி முடிவதற்குள் வந்து புதுப்பித்துக்கொள்ளலாம்.

3. பாப்பாவுக்கு ரெண்டு வயசுதான். இப்பவே புஸ்தகமா? கிழிச்சுப் போடுமே.

கிழிக்கும், கடிக்கும். அதற்காகத்தான் கெட்டி அட்டையில் அச்சிட்டு மூலைகளை உருட்டி வெட்டிய படப் புத்தகங்கள் இருக்கின்றன. வாங்கும்போது அட்டை மடிகிற இடத்தை விரித்துப் பாருங்கள், முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி போதும். ஆடு, கோழி, குடம், பஸ் என்று குழந்தை தினமும் பார்க்கும் பொருள்கள் இருந்தால் விரல் தானாகப் போகும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதில்தான் அந்த வயசுக்குச் சந்தோஷம். ஐந்து நிமிஷம் படித்ததும் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

4. எம்பையன் மூணாங்கிளாஸ், மலையாளம் மீடியம். ஊட்டுல தமிழ்தான் பேசறான், ஆனா எழுத்துத் தெரியாது. எந்தப் புஸ்தகத்துல ஆரம்பிக்கறதுங்க?

எங்கள் மேசையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பலரும் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைக் கொடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறு நடக்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு "இது மரம்" என்று படிக்க வெட்கமாக இருக்கும். அவனுக்கு மொழி தெரியும், எழுத்து மட்டும்தான் தெரியாது. அதனால் புத்தகத்துக்கு முன்னால் இரண்டு வாரம் பஸ் பலகையும் கடைப் பலகையும் படிக்கட்டும்.

"கோவிந்தாபுரம்" என்ற பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கும் நடுவில் வரும் "தா"வுக்கும் மெல்லிய ஒலிக்கென்றே தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே "க", ஒரே "த"தான். அதனால் தமிழ்ப் பலகையைப் பையன் "கோழி"யில் வருகிற மாதிரி அழுத்தித்தான் படிப்பான். ஆனால் தினமும் காதில் விழும் ஊர்ப்பெயர் என்பதால் அடுத்த நொடியே தானாகத் திருத்திக்கொள்வான். காந்தி, தோசை, பஸ் எல்லாம் இப்படித்தான். தெரிந்த சொல்லைப் படிக்கும்போது எழுத்து தானாகப் பழகும். தெரியாத சொல் என்றால் எது சரி என்று அவனால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதல் புத்தகங்களில் அவன் ஏற்கெனவே பேசும் சொற்களே இருக்க வேண்டும். இலக்கணத் தமிழில் எழுதிய நீதிக்கதை வேண்டாம்.

இன்னொரு இடறல் "ந", "ன". மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. "ன" சொல்லின் முதலில் வராது, "த"வுக்கு முன்னால் வருவது "ந" என்று இரண்டு விதி சொல்லிக்கொடுத்தால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். நல்ல செய்தியும் உண்டு. "கொ", "கோ" எழுதக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போடுவது இரண்டு மொழியிலும் ஒன்றேதான். ழ, ள, ற மூன்றும் மலையாளத்திலும் இருப்பதால் நாக்குக்கும் புதிதில்லை.

அதன் பிறகு ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கதைகள் நான்கு நிலையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு முதல் நிலை, வரியாகப் படிக்க வந்ததும் இரண்டாம் நிலை. முதலில் மலையாளத்தில் படிக்கட்டும், கதை பிடிபடும். பிறகு தமிழ். தினம் பத்து நிமிஷம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதில் பலனில்லை.

5. பத்து பன்னெண்டு வயசுப் பையனுங்க. போனை விட்டா புஸ்தகம் தொடமாட்டேங்கறாங்க.

காமிக்ஸ் கொடுங்கள். "அதெல்லாம் படிப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. படிப்புதான். படம் கையைப் பிடித்து நடத்துவதால் வரி புரியாத இடத்திலும் கதை நின்றுபோகாது. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் 1972-இல் "இரும்புக்கை மாயாவி"யோடு தொடங்கியது. அந்த மாயாவியைப் படித்த அப்பாக்கள் இன்றும் பையனுக்கென்று எடுத்துத் தாங்களே முதலில் படித்துவிடுகிறார்கள். ஒரே குறை, பேச்சுக் குமிழ்களில் எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடி போடுகிற பிள்ளைக்குப் பெரிய அளவில் வந்த இதழைக் கேளுங்கள்.

காமிக்ஸ் பிடிக்காத பிள்ளைக்குத் தகவல் புத்தகம்: பாம்பு, ராக்கெட், கிரிக்கெட். கதைதான் படிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

6. யானை, காடுன்னா என் பொண்ணு உசுர விடுவா. ஒம்பதாவது படிக்கறா. பெரியவங்க புஸ்தகம் குடுக்கலாமா?

ஜெயமோகனின் "அறம்" தொகுப்பில் இருக்கும் "யானை டாக்டர்" கதையைக் கொடுங்கள். ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்ஸ்லிப்பில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை ஒட்டியது. பரம்பிக்குளம் போகிற வழியில் அந்தக் காட்டைப் பார்த்த பிள்ளைக்கு இடம் உடனே கண்முன் வந்துவிடும். அழுகிய பிணத்தையும் புழுவையும் பற்றி நீளமாக வரும், சாப்பிடும்போது படிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு கதையில் தொடங்கட்டும். தொகுப்பின் மற்ற கதைகளை அவளே தேடிப் படிப்பாள்.

7. படம் பாத்தாச்சு. பொன்னியின் செல்வன் படிக்கணும். எப்பக் கேட்டாலும் ரெண்டாம் பாகம் வெளியில போயிருக்குன்னு சொல்றீங்களே?

ஐந்து பாகங்களும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. முதல் பாகத்தை ஆசையோடு எடுக்கிறவர்களில் சிலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். தாண்டியவர்கள் இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொள்வார்கள், தாமதம் அங்கேதான். அதனால் முதல் பாகத்தில் பாதி தாண்டியதுமே வந்து இரண்டாம் பாகத்துக்குப் பெயர் எழுதி வையுங்கள். முடித்த பிறகு வந்தால் இடைவெளி விழும், இடைவெளி விழுந்தால் பெயர்கள் மறக்கும். ஐந்தாவது பாகம் எடுக்கும்போது நாளைக் கணக்குப் பார்த்து எடுங்கள். முதல் பாகத்தில் 57 அத்தியாயம், ஐந்தாவதில் 91.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு வழி உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் மேலே சுந்தர சோழர் என்று எழுதி, அவருக்குக் கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். பக்கத்தில் தனியாகக் கண்டராதித்தர், செம்பியன் மாதேவி, அவர்களுக்குக் கீழே மதுராந்தகன். அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அரியணை யாருக்கு என்ற சண்டை முழுக்க இந்த இரண்டு கிளைக்கு நடுவில்தான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, சுருக்கப் பதிப்புகளும் கலந்து வரும். சொந்தமாக வாங்குவதாக இருந்தால் ஐந்து பாகங்களையும் ஒரே பதிப்பகத்தில் வாங்குங்கள்.

8. கல்கி முடிச்சாச்சு. அதே மாதிரி வேற?

ராஜா கதைதான் வேண்டுமென்றால் "சிவகாமியின் சபதம்", அப்புறம் சாண்டில்யனின் "யவன ராணி", அகிலனின் "வேங்கையின் மைந்தன்". சாண்டில்யனிடம் கப்பலும் சண்டையும் கூடுதல், வர்ணனையும் நீளம். தள்ளிப் படித்தால் குற்றமில்லை.

ஆனால் கல்கியில் பிடித்தது எது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பழைய காலத்துக்குள் போய் வாழ்ந்த சுகம்தான் என்றால் ராஜாக்களை விட்டுவிட்டுக் கி. ராஜநாராயணனின் "கோபல்ல கிராமம்" எடுக்கலாம். ஆந்திர தேசத்திலிருந்து தெலுங்கு பேசும் ஒரு கூட்டம் ஓடிவந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறுகிற கதை. புத்தகமும் மெலிந்ததுதான். வீட்டில் ஒரு பாஷை, வெளியில் ஒரு பாஷை என்று வாழ்கிற நம் ஊர் ஆட்களுக்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

9. நம்ம மாதிரி ரெண்டு பாஷைக்கு நடுவுல இருக்கற ஊருங்களப் பத்தித் தமிழ்ல ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது, நிறையவே. தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அவை மற்ற நாவல்களோடு கலந்து அடுக்கப்பட்டிருப்பதுதான். ஆ. மாதவனின் "கடைத்தெருக் கதைகள்" திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் நடப்பவை. அவரே அங்கே கடை வைத்திருந்தவர், சுமைக்காரரும் பிச்சைக்காரரும் அப்படியே நடமாடுவார்கள். நீல. பத்மநாபனின் "பள்ளிகொண்டபுரம்" அதே நகரத்தில் இரண்டு நாளில் ஒருவர் நடந்தும் நினைத்தும் தீர்க்கிற கதை. நிதானமாகப் போகும், அவசரக்காரர்களுக்கு வேண்டாம். தோப்பில் முகமது மீரானின் "ஒரு கடலோர கிராமத்தின் கதை"யில் குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சு, மலையாளம் கலந்த தமிழ். சென்னையில் படிக்கிறவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும், இங்கே தேவைப்படாது.

நமக்கு இன்னும் பக்கத்தில் என்றால் இரண்டு. ஓ.வி. விஜயன் மலையாளத்தில் எழுதி 1969-இல் நூலாக வந்த "கசாக்கின் இதிகாசம்" பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தைக் கருவாகக் கொண்டது. தமிழில் யூமா வாசுகி. அதை முதல் புத்தகமாக யாருக்கும் கொடுப்பதில்லை, பத்து நாவல் படித்த கைக்குத்தான். மற்றது "எரியும் பனிக்காடு". வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இரா. முருகவேள். தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களில் தாத்தா பாட்டிக்கு வாசித்துக் காட்ட எடுத்துப் போகிறார்கள். துயரம் கனமானது, சொல்லித்தான் கொடுப்போம்.

10. பஷீர மலையாளத்துலயே படிக்கறதா, தமிழ்லயா?

வைக்கம் முகம்மது பஷீர் மலையாள எழுத்தாளர். மலையாளம் தடையில்லாமல் படிப்பீர்கள் என்றால் மலையாளத்தில். பத்திரிகைத் தலைப்பு மட்டும் படிக்க வரும் என்றால் தமிழில். அவருடைய பேச்சு மொழியை எழுத்துக்கூட்டிப் படித்தால் சிரிப்பு வராது. குளச்சல் மு. யூசுஃபின் மொழிபெயர்ப்பில் "பால்யகால சகி", "பாத்துமாவின் ஆடு" இரண்டும் தமிழில் உண்டு. தொடங்க ஆடுதான் நல்லது. வீட்டில் இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தையே ஆடு தின்றுவிடும்.

எந்த மொழிபெயர்ப்பானாலும் சோதிக்க ஒரு வழி: இரண்டு பேர் பேசிக்கொள்கிற பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கினால் மொழிபெயர்ப்பு சரியில்லை. பதிப்பு விவரப் பக்கத்தையும் பாருங்கள், மூலத்திலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று சில பதிப்புகளில் எழுதியிருக்கும். மலையாளக் கதை ஆங்கிலம் சுற்றித் தமிழுக்கு வந்தால் உம்மாவும் வாப்பாவும் வழியில் தொலைந்துபோவார்கள்.

11. அம்மாவுக்கு எழுவது வயசு. படிக்க ஆசை, கண்ணு ஒத்துழைக்கல.

புத்தகத்தின் பெயரைப் பார்க்கும் முன் ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்று எண்ணுங்கள். வழக்கமான நாவல் அளவில் 26 வரிக்குள் இருந்தால் கண்ணுக்கு எளிது, 34 தாண்டினால் பத்து நிமிஷத்தில் மூடிவிடுவார். வெள்ளை வெளேரென்ற வழவழப்புத் தாள் விளக்கைப் பிரதிபலிக்கும், மங்கலான தாள் நல்லது. எடையும் முக்கியம். 600 பக்கக் கெட்டி அட்டையைப் படுத்தபடி பிடிக்க மணிக்கட்டு தாங்காது. வரி தாவினால் கறுப்பு அட்டைத் துண்டை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். விளக்கு முன்னால் வேண்டாம், தோளுக்குப் பின்னால்.

நீங்களோ பேத்தியோ வாசித்துக் காட்டுவதாக இருந்தால் சிறுகதைதான். 4-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி தமிழ் எழுத்துப் பழகும் பேத்தி கிடைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். பாட்டி பிழை திருத்துவார்.

12. அவார்டு வாங்குன புஸ்தகமாப் பாத்துக் குடுங்க. அதுதானே நல்லதா இருக்கும்?

விருதுப் பட்டியல் எழுத்தாளரைக் கண்டுபிடிக்க உதவும். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பதை அது சொல்லாது. 9-இல் சொன்ன ஆ. மாதவனுக்கு 2015-இல் சாகித்ய அகாதெமி கிடைத்தது "இலக்கியச் சுவடுகள்" என்ற கட்டுரை நூலுக்கு. விருது என்று அதை எடுத்துப்போனவர் கடைத்தெருப் பக்கமே திரும்ப மாட்டார். தோப்பிலுக்கு 1997-இல் கிடைத்தது "சாய்வு நாற்காலி"க்கு. நல்ல நாவல், ஆனால் கடலோர கிராமத்துக்குப் பிறகு படித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

13. பையன் எடுத்துட்டு வந்த நாவல்ல கண்டபடி வார்த்தையெல்லாம் இருக்குது. நீங்க பாத்துக் குடுக்கறதில்லையா?

சிறுவர் அட்டைக்குச் சிறுவர் பகுதியிலிருந்துதான் கொடுப்போம். பெரியவர் அட்டையில் எடுத்தால் யாருக்கு என்று கேட்போம், அதற்கு மேல் கேட்க மாட்டோம். வீட்டில் பிடுங்கி வைத்தால் பையன் மீதியை வேறு எங்காவது படிப்பான், அதுவும் அந்தப் பக்கத்தை மட்டும். உங்களுக்கு உறுத்திய அத்தியாயத்தை முழுதாகப் படித்துவிட்டு, அந்த ஆள் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று அவனிடமே கேளுங்கள். அப்படியும் வேண்டாம் என்று தோன்றினால் கொண்டுவாருங்கள், அதே வேகத்தில் ஓடுகிற வேறொன்றைத் தேடித் தருவோம்.

14. அந்த "எங்களுக்குப் பிடித்தவை" தட்டுல இருக்கறது அடிக்கடி மாறுதே, ஏன்?

அதில் பன்னிரண்டு புத்தகத்துக்கு மேல் வைப்பதில்லை. முதுகு தெரியாமல் முகப்பு தெரிய வைப்பதால் அவ்வளவுதான் கொள்ளும். பக்கத்தில் மூன்று வரி அட்டை இருக்கும். கதைச் சுருக்கம் எழுதக் கூடாது, யாருக்குப் பிடிக்கும் என்று எழுத வேண்டும். "பாத்துமாவின் ஆடு"க்கு இருந்த அட்டை: "வீட்டில் எப்போதும் கூட்டமா? உட்கார்ந்து எழுத இடமில்லையா? இந்த ஆளுக்கும் அதே பாடு." மூன்று வாரம் தொடப்படாத புத்தகம் அலமாரிக்குத் திரும்பிப் போகும், அல்லது அட்டையை மாற்றி எழுதுவோம். பெரும்பாலும் குற்றம் அட்டையில்தான். சீர்காழியில் பிறந்த நூலகத்துறை அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் வரும்வரை அட்டையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

15. நான் கேட்டது இல்லவே இல்லைங்கறீங்க. வாங்கி வைக்க மாட்டீங்களா?

பரிந்துரைப் பதிவேட்டில் எழுதுங்கள். "அந்த யானை புஸ்தகம்" என்று எழுதினால் வாங்க முடியாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் வேண்டும். பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் கிடைத்தால் இன்னும் நல்லது, தலைப்பு ஒன்றாக இருந்து பதிப்பு வேறாக வந்துவிடும் தொல்லை இருக்காது. மாவட்ட லைப்ரரி கவுன்சில் நடத்தும் புத்தகக் கண்காட்சியில் வாங்குவதற்குப் பட்டியல் அதற்கு முன்பே தயாராகிவிடும். அங்கே மலையாளப் புத்தகங்கள்தான் அதிகம், தமிழுக்குத் தனியாக வரவழைக்க வேண்டும். ஒரே புத்தகத்தை ஐந்து பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் கமிட்டியில் பேச எங்களுக்கு வலு. ஒருவரே ஐந்து முறை எழுதினால் கையெழுத்து தெரிந்துவிடும்.

16. துப்பறியும் கதை, கடைசிப் பக்கத்த எவனோ கிழிச்சுட்டுப் போயிட்டான். கொலைகாரன் யாருங்க?

செல்லோடேப் போட்டு எதையும் ஒட்டாதீர்கள். கொஞ்ச காலத்தில் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கிவிடும், அந்த வரி படிக்கவே வராது. எந்தப் பக்கம் இல்லை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள், வேறு நூலகப் பிரதியிலிருந்து நகல் எடுத்து மைதாப் பசையில் ஒட்டிவிடுவோம். அதுவரை பொறுக்க முடியாது என்றால் மேசைக்கு வாருங்கள். எங்களில் யாராவது ஒருவர் படித்திருப்பார், வரிசையில் நிற்கிறவர் காதில் விழாதபடி சொல்லிவிடுகிறோம்.